மூன்று புரிக் கட்டில்

மருதமுனையில் அந்த நாட்களில் கரண்ட் புதுமாப்பிள்ளை போல வந்து போய்க்கொண்டிருந்தது. சொன்ன நேரத்துக்கு வராது. வந்தாலும் ஆற அமர இருக்காது. நாட்டில் டீசல் இல்லை, பெற்றோல் இல்லை, காஸ் இல்லை என்று ஆன வருடம் அது. ஆனாலும் கரண்ட் வந்துவிட்டால் ஊரே எழுந்து ஓடும். கிணற்று மோட்டார்கள் இரையும். வளவுக்கு வளவு மெஷின் தறிகள் தடதடக்கும். நோன்பு பிடித்துச் சுருண்டு கிடந்த பெண்கள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் பறப்பார்கள்.

றுமைஸாவுக்கு அந்த நேரத்தில் இரண்டு கை போதாது. சோறும் கோழித்துண்டும் கரட்டும் விறகடுப்பில் குழைய வெந்து தயாராக இருக்கும். கரண்ட் வந்ததும் அதை பிளெண்டரில் போட்டு அடிப்பாள். தன் தறியில் நெய்த மெல்லிய துணியில் வடிப்பாள். ஆறவைத்து எடுத்துக்கொண்டு முன்னறைக்கு ஓடுவாள். அங்கே அவள் புருஷன் றிபாத் இரும்புக் கட்டிலில் கிடந்தான். போன மாரியில் ஒரு சுபஹுத் தொழுகை நேரம் கைகால் கழுவி வுழூ எடுக்கப் போன இடத்தில் விழுந்தவன். வலப்பக்கம் போய்விட்டது, பேச்சு போய்விட்டது, விழுங்குகிற சக்தியும் போய்விட்டது. இடது கையும் கண்களும் மட்டும் அவனிடம் மிச்சம் இருந்தன. மூக்கு வழியே ஒரு டியூப் இரைப்பைக்குப் போனது. வடித்த கஞ்சியைப் பெரிய சிரிஞ்சால் அதற்குள் மெதுவாக விடவேண்டும்.

விட்டு முடிந்ததும் பின்னறைக்கு ஓடுவாள். அங்கே இரண்டு தறிகள். முன்பு றிபாத் ஓட்டியவை. அவன் விழுந்த பிறகு பட்டனை அழுத்துவது முதல் அறுந்த இழை முடிவது வரை எல்லாம் அவள் தலையில் வந்து விழுந்தது. பிள்ளை இல்லாத வீடு. கரண்ட் இருக்கிற நேரத்தில் ஓடினால்தான் சாறன் துணி, சாறன் துணி இருந்தால்தான் அடுப்பு.

கட்டிலும் சும்மா கட்டில் அல்ல. ஏதோ ஓர் ஆசுபத்திரி கழித்துப் போட்ட பழைய இரும்பு. அவள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் அஸ்ஹர் கல்முனையில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர். அவர்தான் அதை இரும்புக் கடையில் கண்டெடுத்து, பழுது பார்த்துக் கொண்டுவந்து போட்டார். கால்மாட்டில் ஒரு கைபிடி. அதைச் சுற்றினால் கட்டிலுக்கு அடியில் நீளமான திருகாணி சுழலும். அதில் ஏறியிருக்கும் நட்டு நகர்ந்து முதுகுப் பலகையை உயர்த்தும். நோயாளி சாய்ந்து உட்கார்ந்ததுபோல வருவார். மறுபக்கம் சுற்றினால் பலகை இறங்கும்.

நோன்பு தொடங்க முந்திய கிழமை றிபாத்துக்குக் காய்ச்சல் வந்து மூச்சு இரைத்தது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாப்பாடு நெஞ்சுக்குள் போயிருக்கிறது என்று படம் பிடித்துப் பார்த்துச் சொன்னார்கள். ஊசியும் ஒட்சிசனுமாக ஒருவழியாக மீட்டுத் தந்தபோது நோன்பு தொடங்கியிருந்தது. அனுப்பும்போது அந்த இளம் டாக்டர் பிள்ளை றுமைஸாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

"சாப்பாடு குடுக்கக்குள்ளயும், குடுத்து ஒரு மணித்தியாலம் வரைக்கும், தலை நல்லா உசந்திருக்கணும். படுக்கவெச்சுக் குடுத்திருக்கீங்க போல. இன்னொரு தரம் இப்பிடி நெஞ்சுக்குள்ள போனா அவர்ர உடம்பு தாங்காது, ராத்தா."

"நான் உசத்தித்தான் டொக்டர் குடுத்த. அல்லாஹ்ட மேல ஆணை."

டாக்டர் மறுத்துப் பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அந்தத் தலையாட்டல் ஏச்சை விட மோசமாக இருந்தது.

அந்தச் சேதி றிபாத் பிறந்த ஊரான சாய்ந்தமருதுக்குப் போகாமல் இருக்குமா? றிபாத்தின் மூத்த சகோதரி நபீஸா மறுநாள் அசர் தொழுகைக்குப் பிறகு இரண்டு கனத்த தலையணைகளோடு வந்து சேர்ந்தாள். பஸ் இல்லை, நோன்போடு வெயிலில் நடந்தே வந்திருந்தாள். தம்பியின் காலைத் தடவினாள், நெற்றியைத் தடவினாள். பிறகு அடுப்படிக்கு வந்து வாசலில் நின்றாள். றுமைஸா நோன்புக் கஞ்சிக்கு ரம்பை இலையும் இஞ்சியும் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"கதவப் பூட்டிக்கிட்டு நீ என்னகா செய்யிறாய் இந்த வீட்டுல?"

"என்ன மதினி இப்பிடிக் கேக்கிறீங்க?"

"டொக்டர் சொன்னத்த உன்ட வாயால சொல்லு."

"தல உசந்திருக்கணும் எண்டு சொன்ன."

"உசத்தினயா?"

"உசத்தினன்."

"உசத்தினா எப்பிடிகா நெஞ்சுக்குள்ள போகும்? உனக்குத் தறி. கரண்ட் வந்தா உனக்குக் கண்ணும் தெரியா, காதும் கேளா. அவசரத்துல கெடந்தவாக்குல ஊத்திட்டு ஓடியிருப்பாய்."

"மதினி, நான் அப்பிடிச் செய்வனா?"

"நாங்க எங்கட புள்ளைய இந்த வீட்டுக்குத் தரக்குள்ள நடந்துதான் வந்தான்."

நம்மூர் வழக்கப்படி வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளை வந்து சேர்கிறவன். இருபது வருஷம் அவன் இந்த வீட்டுச் சோறு தின்றிருந்தாலும், படுக்கையில் விழுந்தால் அவனைப் பெற்ற வீட்டார் கணக்குக் கேட்கத்தான் செய்வார்கள். றுமைஸாவுக்கு அது தெரியும். கஞ்சி அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"பெருநாள் முடியட்டும்," என்றாள் நபீஸா. "அதுவரைக்கும் பாப்பன். பொறகு நான் என்ட தம்பியக் கொண்டுபோயிருவன். ஒருத்தர்ட்டயும் கேக்கமாட்டன்."

கஞ்சி கூடக் குடிக்காமல், வீட்டுக்குப் போய்த்தான் நோன்பு திறப்பேன் என்று நடந்துவிட்டாள். றுமைஸா பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளியில் பாங்கு சொல்லும் வரைக்கும் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க சொல்லுங்க," என்றாள் புருஷனிடம். "நான் உங்களப் படுக்கப்போட்டா குடுத்த?"

றிபாத் அவளைப் பார்த்தான். இடது கை விரல்கள் கட்டில் சட்டத்தை டொக் டொக்கென்று தட்டின. இப்போதெல்லாம் அவன் அப்படி அடிக்கடி தட்டினான். முதுகு வலிக்கிறது, திருப்பிப் போடு என்று கேட்கிறான் என நினைத்து அவள் அவனைத் திருப்பிப் போட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அன்று முதல் அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. கைபிடியைச் சுற்றி உயர்த்துவாள். உயர்த்தியதைக் கையால் தொட்டுப் பார்ப்பாள். இரண்டு நிமிடம் கழித்து, உயர்த்தினேனா என்று மறுபடியும் வந்து பார்ப்பாள். நித்திரை இல்லாத தலை, விடியமுன் சஹருக்கு அரைவயிறு, பகலெல்லாம் நோன்பு. உண்மையிலேயே மறந்துபோய்ப் படுக்கவைத்துக் கொடுத்திருப்பேனோ? மதினி சொல்வது சரிதானோ? பைத்தியம் பிடிக்கிறவர்களுக்கு இப்படித்தான் தொடங்குமோ? யாரிடம் கேட்பது? தொழுகைப் பாயில் இருந்து அழுதாள்.

பிறகு ஒரு யோசனை வந்தது. அடுப்புக்கரித் துண்டு ஒன்றை எடுத்துவந்தாள். பலகை உயர்ந்து நின்ற இடத்தில், பக்கத்துச் சுவரில் ஒரு கோடு போட்டாள். யார் பொய் சொன்னாலும் சுவர் சொல்லாது.

கரண்ட் வந்தது. கஞ்சியை அடித்து, வடித்து, ஆற்றி, டியூபில் விட்டாள். கோட்டைப் பார்த்தாள். பலகை சரியாகக் கோட்டில் நின்றது. பிஸ்மி சொல்லிக்கொண்டு போய்த் தறி இரண்டையும் போட்டாள். தரையெல்லாம் அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் நூல் தீர்ந்தது. புது நூல் முன்னறை அலுமாரியில் இருந்தது. எடுக்க வந்தவள் சும்மா ஒரு பார்வை சுவரைப் பார்த்தாள்.

பலகை கோட்டுக்குக் கீழே ஒரு சாண் இறங்கியிருந்தது.

கால்மாட்டுக்குப் போனாள். யாரும் தொடாத கைபிடி தானாகச் சுழன்றுகொண்டிருந்தது. வேகமாக அல்ல. பார்த்துக்கொண்டே நின்றால்தான் தெரியும். சற்று நகரும், நிற்கும், மறுபடி நகரும். தறி ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அது ஒரு மயிரிழை தள்ளிப் போனது. அவள் பேய் பிசாசுக்குக் காவலாக ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓதினாள். ஓதிக்கொண்டே பின்னறைக்கு ஓடித் தறிகளை நிறுத்தினாள். திரும்பி வந்து பார்த்தாள். கைபிடி நின்றிருந்தது.

றிபாத்தின் விரல்கள் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தன. டொக், டொக், டொக்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. முதுகு வலிக்கு அல்ல. இறங்கிக்கொண்டிருக்கிறேன் என்று இத்தனை நாளாக அவன் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். தறிச் சத்தத்தில் யார் காதில் விழும்? அவள் வேலை முடித்து வருகிற நேரம் எப்படியும் அவனைப் படுக்கவைக்கிற நேரம். மீதி இருக்கிற உயரத்தைச் சுற்றி இறக்கிவிடுவாள். எத்தனை சுற்று ஏற்றினேன், எத்தனை சுற்று இறக்கினேன் என்று யார் எண்ணிப் பார்த்தார்கள்?

"தெரிஞ்சிக்கிட்டேயா கெடந்தீங்க?" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அல்லாஹ்வே, தெரிஞ்சிக்கிட்டேயா கெடந்தீங்க?"

அவன் இருமினான். அந்த இருமலில் ஒரு ஈரமான கரகரப்பு இருந்தது. அவள் அதைக் கேட்டாள். கேளாதவள் போலப் பலகையை மளமளவென்று உயர்த்தி, கைபிடியைக் கட்டில் காலோடு சீலையால் இறுக்கிக் கட்டினாள்.

போன் போட்டதும் அஸ்ஹர் சைக்கிளில் வந்தார். பெற்றோல் கிடைக்காத அந்த நாட்களில் ஊரில் பெரிய மனிதர் எல்லோரும் சைக்கிளுக்கு இறங்கியிருந்தார்கள். வேர்த்து விறுவிறுத்து வந்தவர் சைக்கிளைச் சுவரில் சாத்தினார். மல்லாந்து படுத்துக் கட்டிலுக்குக் கீழே நுழைந்தார். முதலில் முதுகுப் பலகைக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார். பிறகு டோர்ச் வெளிச்சம் அங்கும் இங்கும் அலைந்தது. வெளியே வந்த கையில் திருகாணியைத் துடைத்த துணி. மினுமினுவென்று எண்ணெய்.

"இதுக்கு ஆரு எண்ணெய் போட்ட?"

"நான்தான் காக்கா."

"எத்தின நாளா?"

"கட்டில் வந்த நாள் தொட்டு. வெள்ளி ராவுக்கு முந்தி தறிக்கெல்லாம் எண்ணெய் போடுவன்தானே, அவர் பழக்கின பழக்கம். வெள்ளிக்கிழம தறிக்கு லீவு, அதுக்கு முந்தி வீட்டுல இரிக்கிற இரும்புக்கெல்லாம் ஒரு சொட்டு. அதோட இதுக்கும் போட்டன். கிறீச் கிறீச் எண்டு கத்துது, அவருக்குப் பல்லு கூசும்போல இரிந்திச்சு. அவர்ர கட்டில் எண்டு கொஞ்சம் கூடவே போட்டன்."

அஸ்ஹர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். துணியைச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார்.

"ஏன் காக்கா? எண்ணெய் போட்டா கெடுதியா? இரும்புக்கு எண்ணெய் நல்லதுதானே?"

"தறிக்கு நல்லம். ஓடுற சாமானுக்கு நல்லம். இது நிக்கிற சாமான், புள்ள."

"எனக்கு விளங்குற மாதிரிச் சொல்லுங்க."

அவர் சுற்றிப் பார்த்தார். அலுமாரியில் இருந்த பலகைத் துண்டு ஒன்றை எடுத்து ஒரு பக்கம் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். அதன் மேல் மருந்துப் போத்தல் பெட்டி ஒன்றை வைத்தார். பெட்டி நின்றது.

"வயல்ல நெல்லு மூட்டைய லொறியில ஏத்த பலக வெப்பாங்களே, அத நெனச்சிக்க. சரிவு கொஞ்சமா இரிந்தா மூட்ட வெச்ச இடத்துல நிக்கும். உரசல்தான் புடிச்சி நிப்பாட்டுது. கூடச் சரிச்சா…" பலகையை இன்னும் உயர்த்தினார். பெட்டி வழுக்கத் தொடங்கியது. "திருகாணியும் இதுதான். பலகைய உருளையில சுத்தி வெச்ச மாதிரி. அந்தச் சுத்தி ஓடுற வெட்டுத்தான் புரி. ஒத்தப் புரி வெட்டினா சரிவு கொஞ்சம். மனிசன்ட பாரம் முழுக்க மேல இரிந்தாலும் தானா எறங்காது. ஆனா உசத்த ரொம்பச் சுத்து சுத்தணும்."

"முந்தி அப்பிடித்தானே இரிந்திச்சு."

"ஓம்."

றுமைஸா சுவரில் சாய்ந்தாள். அவளுக்கு நினைவு வந்துவிட்டது. கட்டில் வந்த புதிதில் அவள்தான் சொன்னாள். காக்கா, சுத்திச் சுத்தி மணிக்கட்டு விட்டுப்போகுது, நாளுக்கு எத்தின தரம், கெதியா உசர ஏதும் செஞ்சு தாங்க என்று. அஸ்ஹர் மறுகிழமை புதுத் திருகாணியோடு வந்தார். ஒரு புரி இருந்த இடத்தில் மூன்று புரி, பக்கம் பக்கமாக. சில சுற்றுத்தான், பலகை எழும்பி நின்றுவிடும். றிபாத்தும் அன்று இடது கையை உயர்த்திக் காட்டினான். அந்த வீட்டில் அந்த மாதம் நடந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

"மூணு புரியில சரிவு கூட," என்றார் அஸ்ஹர். "எனக்குத் தெரியும். கட்டி முடிச்சி நானே ஏறிப் படுத்துப் பாத்தன். நிண்டுச்சு. காஞ்ச இரும்பு, உரசல் புடிச்சிக்கிச்சு. சரி எண்டு விட்டுட்டன். எண்ணெய் போட்டா அந்தப் புடி போயிரும். அதுக்கு மேல தறி அதிருது. பலகையத் தட்டிக்கிட்டே இரிந்தா பெட்டி எறங்குமா இல்லயா?"

"எறங்கும்."

"அதுதான்."

"கரண்ட் இல்லாத நேரம் எறங்கல்ல. கரண்ட் வந்தாத்தான் நான் கஞ்சி அடிப்பன். கரண்ட் வந்தாத்தான் தறி போடுவன்." அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள், யாருக்கோ சாட்சி சொல்வதைப் போல. "வயித்துல சாப்பாடு இரிக்கிற நேரம் பாத்துப் பாத்து நானே எறக்கியிருக்கன்."

"நீ இல்ல. மூணு புரி வெட்டினவன் நான். எண்ணெய் போடாத எண்டு ஒரு சொல்லு சொல்லல்ல. எனக்கு நெனவே வரல்ல. தறிக்கார வீட்டுல எண்ணெய்ப் போத்தல் கையில இரிக்கும் எண்டு எனக்குத் தெரியாதா?"

"கேட்டவள் நான் காக்கா."

"கேட்டா நான் குடுக்கிறதா? நாளைக்கு ஒத்தப் புரி வெட்டிக்கொண்டாறன். எங்கட பக்கம் ரெண்டு மணிக்குக் கரண்ட் வருமாம். அதுவரைக்கும் மரக்கட்டைய எடுக்காத. தறியையும் போடாத."

"இனிப் போடுவனா?"

கட்டிலில் றிபாத் மறுபடியும் இருமினான். அஸ்ஹர் எழுந்து மச்சானின் நெற்றியில் கை வைத்தார். வைத்த கையை அவர் உடனே எடுக்கவில்லை. றுமைஸா அவர் முகத்தைப் பார்த்தாள். நெற்றி சுடுகிறது என்று அவர் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

அம்புலன்ஸ் வந்தது. ஆசுபத்திரியில் அதே வார்டு, அதே டாக்டர் பிள்ளை. அவள் இந்த முறை எதுவும் கேட்கவில்லை. றுமைஸாவாகவே எல்லாவற்றையும் சொன்னாள். திருகாணி, எண்ணெய், தறி என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். டாக்டர் அவள் தோளில் கை வைத்தாள். ஊசிகளை மாற்றிப் பார்த்தார்கள். ஒட்சிசனைக் கூட்டிப் பார்த்தார்கள். அவனுடைய நெஞ்சு ஏறி ஏறி இறங்குவதை றுமைஸா பார்த்துக்கொண்டே இருந்தாள். வார்டு வராந்தாவில் நெற்றி தரையில் பட சுஜூதில் விழுந்து, எடுப்பதாக இருந்தால் என்னை எடு ரப்பே என்று கேட்டாள். எந்தத் துஆவுக்கும் வெட்கப்படாத கட்டத்துக்கு அவள் வந்திருந்தாள்.

நபீஸா பகலில் வருவாள். தம்பியின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் றுமைஸா. இருவரும் பேசுவதில்லை. ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு றுமைஸா சொன்னாள்.

"மதினி, நீங்க சொன்னது பாதி சரி. நான் படுக்கவெச்சுக் குடுக்கல்ல. ஆனா என்ட கையாலதான் நடந்திருக்கு."

"என்ன சொல்றாய்?"

சொன்னாள். நபீஸா குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் சிவந்து, மூக்கு விடைத்து, ஏச வாய் திறந்துவிட்டது. ஆனால் வந்தது ஏச்சு இல்லை.

"வெள்ளி ராவுக்கா எண்ணெய் போட்ட?"

"ஓம். அவர் பழக்கினது."

"அவனுக்குப் பழக்கினது எங்கட வாப்பா," என்றாள் நபீஸா. "எண்ணெய்ப் போத்தலத் தூக்கிக்கிட்டு அவருக்குப் பின்னால நடப்பன், சின்னதுல. தறி, தையல் மெஷின், கதவுப் பிணைச்சல், கிணத்துக் கப்பி, ஒண்டும் மிச்சமில்ல. என்ட வீட்டுல அந்தக் கட்டில் கெடந்திருந்தாலும் நான்…"

முக்காட்டு முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கட்டிலின் மேலால் கையை நீட்டி றுமைஸாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். சுற்றிச் சுற்றி வீங்கிப்போன அந்த மணிக்கட்டை விரலால் அழுத்தி விட்டாள்.

"பெருநாளுக்குப் பொறகு கொண்டுபோவன் எண்டு சொன்னத்த மறந்திரு."

"மறக்கலாம் மதினி. அவர் வீட்ட வரட்டும்."

வந்தான். ஆனால் அவர்கள் கேட்டபடி அல்ல. இனி எங்களால் செய்ய ஒன்றும் இல்லை, அவர் வீட்டில் இருக்கட்டும் என்று டாக்டர் பிள்ளை மெதுவாகச் சொன்னாள். ஒட்சிசன் சிலிண்டர் ஒன்றோடு கொண்டுவந்து அதே முன்னறையில் கிடத்தினார்கள். அஸ்ஹர் புதுத் திருகாணியைப் பூட்டியிருந்தார். ஒற்றைப் புரி, ஒரு சொட்டு எண்ணெய் படாதது. பூட்டிவிட்டுத் தானே ஏறிப் படுத்து, தறியையும் போடச் சொல்லி, கைபிடியையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அசையவில்லை. இறங்கி வந்து சுவரோடு தலையை வைத்து அழுதார் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

றுமைஸா பலகையை உயர்த்தினாள். சுற்றினாள், சுற்றினாள், சுற்றிக்கொண்டே இருந்தாள். பலகை கரிக்கோட்டுக்கு வந்ததும் கையை எடுத்தாள். றிபாத்துக்குச் சாய்ந்திருந்தால் மூச்சு கொஞ்சம் லேசாக இருந்தது. அவன் விரல்கள் சட்டத்தைத் தட்டவில்லை. அவள் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டன.

இரண்டு பகல் அப்படி இருந்தான். தறிகள் மூடிக் கிடந்தன. கரண்ட் வந்தது, போனது. அந்த வீட்டில் யாரும் எழுந்து ஓடவில்லை. மூன்றாம் நாள் அசர் நேரம், நபீஸா யாஸீன் ஓதிக்கொண்டிருந்தாள். றுமைஸா ஈரப் பஞ்சால் அவன் உதட்டை நனைத்துக்கொண்டு காதோரம் கலிமா சொன்னாள். அவன் அவளைப் பார்த்தபடியே இருந்தான். பார்வை அப்படியே இருந்தது, மூச்சு இல்லை. அவள் இன்னும் சில தடவை கலிமா சொன்னாள். நபீஸா தம்பியின் கண்களை மூடிவிட்டு இன்னாலில்லாஹி என்று சொல்லும் வரைக்கும் நிறுத்தவில்லை.

வீடு நிறைந்தது. மையித்துக் காரியம் தெரிந்த மூத்த பெண் ஒருத்தி வந்து வாய் திறவாமல் நாடியைத் துணியால் கட்டினாள். கையைக் காலை நீட்டவேண்டும் என்றாள்.

"இரிக்கவெச்சாப்போல கெடக்கார் மகள். உடம்பு வெறைக்க முந்தி நேராப் படுக்கவெக்கணும். கெதியா எறக்குங்க."

அஸ்ஹர் கட்டிலுக்குக் கீழே குனிந்தார்.

"இத சுத்தி எறக்க நேரமெடுக்கும். ஒரு ஆணியக் கழட்டினா பலக ஒரேயடியா எறங்கிரும். நாலு பேர் புடிங்க. நீ தள்ளி நில்லு தங்கச்சி."

"கழட்டவேணாம் காக்கா."

"நேரம் போகுது புள்ள. ஆக்கள் நிக்கிறாங்க."

"நிக்கட்டும்," என்றாள் றுமைஸா. கால்மாட்டுக்குப் போய்த் தரையில் குந்தினாள். "எனக்குத் தெரியாம அவர் எறங்கினது போதும். இண்டைக்கு நான் எறக்கிறன்."

அஸ்ஹர் எழுந்து ஒதுங்கி நின்றார். நபீஸா தலைமாட்டுக்குப் போய்த் தம்பியின் தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள்.

றுமைஸா கைபிடியைப் பிடித்துச் சுற்றினாள். காய்ந்த இரும்பு கத்தியது. அவன் பாரம் முழுக்க அந்தப் பலகையில் இருந்தும் அது அவளுக்கு உதவி செய்யவில்லை. அவள் சுற்றினால் மட்டும் இறங்கியது, ஒரு சுற்றுக்கு ஒரு நகக்கண் அளவு. வாசலில் ஆண்கள் மையித்தைத் தூக்கும் சந்தூக்கைக் கொண்டுவந்து வைக்கும் சத்தம் கேட்டது. பாதி வழியில் மணிக்கட்டு விட்டுப்போய், பிடி நழுவி, கை மடியில் விழுந்தது. அவள் பயந்துபோய் நிமிர்ந்து பார்த்தாள்.

பலகை விட்ட இடத்திலேயே நின்றது. நபீஸாவின் கைகளுக்கு நடுவில் அவன் முகம் ஒரு நூல்கூட அசையவில்லை. றுமைஸா அதைப் பார்த்துக்கொண்டே வாய்விட்டு அழுதாள். பிறகு மற்றக் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு மீதியையும் சுற்றினாள்.